இரண்டு காகமும் ஏன் கலியாணம் கட்டுவதில்லை?

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் எனக்கு மேல்வீட்டில் ஒரு மாமி இருக்கிறார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இருபது வருடத்துக்கு மேல். புரட்டாதிச் சனி என்றால் பல்கனிச் சுவரில் வாழையிலைத் துண்டு போட்டுக் காகத்துக்குச் சோறு வைக்காமல் சாப்பிடமாட்டார். கழுத்தில் சாம்பல் பூசியதுபோலிருக்கும் காகங்கள் பத்துப் பதினைந்து சண்டை பிடித்துக்கொண்டு வந்து இறங்கும். எப்போதாவது ஒருநாள் அண்டங்காகம் ஒன்று வரும். உடம்பு முழுக்கக் கரிக்கறுப்பு, தடித்த சொண்டு, குரலும் அடித்தொண்டையால். அது வந்தால் மற்றவை கொஞ்சம் விலகும். தின்னும், போகும்.

போன புரட்டாதியில் மாமி கேட்டார்: "தம்பி, நீர் பிள்ளையளுக்கு உயிரியல் படிப்பிக்கிறனீர்தானே. இது ரெண்டும் காகம்தானே. பிறகேன் ஒண்டோட ஒண்டு சேருறேல்லை? கலியாணம் கட்டாதுகளோ?"

நான் உயர்தர வகுப்புக்கு ரியூஷன் கொடுப்பவன். கூர்ப்புப் (பரிணாமப்) பாடம் வரும்போது 'இனப்பெருக்கத் தனிமைப்படல்' என்று வெண்பலகையில் எழுதுவேன், பிள்ளைகள் கொப்பியில் எழுதுவார்கள், மணி அடிக்கும். மாமி கேட்டது அதே பாடத்தைத்தான், அந்த நீளச் சொல் இல்லாமல். அவருக்கு இரண்டு மூன்று பின்னேரங்களில் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் 'இனம்' என்ற சொல்லைக் கொஞ்சம் துடைத்து எடுக்கவேண்டும். கொழும்பில் இந்தச் சொல்லுக்குப் பாரம் அதிகம். பிறப்புச் சான்றிதழில் பெற்றோரின் இனம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் எழுதுவதற்கும் உயிரியலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உயிரியல் கணக்கில் காலி வீதியில் நடக்கிற அத்தனை பேரும் ஒரே இனம். ஆனால் மாமியின் பல்கனியில் வந்து நிற்கும் காகங்கள் இரண்டு இனம். பார்வைக்கு இரண்டும் சொந்தக்காரர்போலத்தான் இருக்கும், ஒரே ஊரில் ஒரே குப்பையைக் கிளறும். ஆனாலும் இரண்டு.

அப்படி எதை வைத்துச் சொல்கிறோம்? அதிகம் பேர் இன்று கையாளும் வரைவிலக்கணத்தை 1942இல் ஏர்ன்ஸ்ட் மேயர் என்ற பறவையியலாளர் தெளிவாக எழுதி வைத்தார். தமக்குள்ளே இணைந்து பெருகக்கூடிய, மற்றக் கூட்டங்களிலிருந்து இனப்பெருக்கத்தால் பிரிந்து நிற்கிற உயிர்க்கூட்டம் ஓர் இனம். நிறம், பருமன், சொண்டின் நீளம் எல்லாம் அடையாளம் காண உதவும், ஆனால் தீர்ப்புச் சொல்வது 'யாரோடு கலக்கிறது, யாரோடு கலப்பதில்லை' என்பதுதான். மேயர் இளவயதில் நியூகினியில் பறவை சேகரிக்கப் போனவர். அங்கே மலைவாழ் மக்கள் பறவைகளுக்கு 136 பெயர்கள் வைத்திருந்தார்கள்; மேயர் தன் கணக்கில் பிரித்தது 137 இனங்கள். ஒன்றே ஒன்றில்தான் வித்தியாசம். நம்மவர்களும் பள்ளிக்கூடத்தில் படித்தா காகம் வேறு, அண்டங்காகம் வேறு என்று பெயர் வைத்தார்கள்?

இதை ஒரு குளமாக நினைத்துப் பார்த்தால் லேசு. ஒரே இனத்தில் உள்ள அத்தனை உயிர்களிலும் இருக்கும் பரம்பரையலகுகளை, அதாவது ஜீன்களை, ஒரு குளத்துத் தண்ணீர் என்று வையுங்கள். ஒவ்வொரு இணைசேரலும் தண்ணீரைக் கலக்கிவிடுகிறது. ஒரு மூலையில் புதிதாக ஒரு விகாரம், அதாவது பரம்பரையலகில் ஒரு மாற்றம், தோன்றினால், அது நல்லதாக இருந்தால், சில நூறு தலைமுறையில் மற்ற மூலைக்கும் போய்ச் சேரும். குளத்துக்கு நடுவே ஓர் அணை எழும்பினால்? ஒரு பக்கத்துத் தண்ணீர் ஒரு விதமாகவும் மறுபக்கம் இன்னொரு விதமாகவும் மாறிக்கொண்டு போகும். கேள்வி முழுக்க அந்த அணையைப் பற்றியது. அது எதனால் ஆனது, யார் கட்டியது?

யாரும் கட்டவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடவேண்டும். பரீட்சை விடைத்தாள்களில் பிள்ளைகள் "இனம் தன்னைப் பாதுகாப்பதற்காகத் தடைகளை ஏற்படுத்துகிறது" என்று எழுதுவார்கள். எந்தக் காகமும் தன் குலம் கெடக்கூடாது என்று யோசிப்பதில்லை. இரண்டு கூட்டம் தனித்தனியாக வாழ்ந்து மாறியதில், பக்கவிளைவாக ஏற்பட்ட பொருத்தமின்மைதான் பெரும்பாலும் அணையாகிறது.

அணைகளில் முதல் வகை, சேர்வதற்கு முன்னாலேயே தடுப்பவை. குரல் அதில் பெரியது. கித்துல்கலைக் காட்டில் 1995இல் தீபால் வாரகாகொட என்ற பறவை ஆர்வலர் தனக்குத் தெரிந்த எந்த ஆந்தையினுடையதும் அல்லாத ஒரு கூவலைக் கேட்டார். ஆளைக் காணவில்லை, குரல் மட்டும். ஆறு வருடம் கழித்து, 2001இல், சிங்கராஜ வனத்தில் அந்தச் சிறிய செம்பழுப்பு ஆந்தையை நேரில் கண்டார். 2004இல் அது புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. 1868க்குப் பிறகு இலங்கையில் கண்டுபிடிக்கப்பட்ட முதல் புதிய பறவை இனம் அது. இருட்டில் வாழும் ஆந்தைக்கு இறகின் நிறத்தைவிடக் குரல்தான் அடையாள அட்டை. பெண் ஆந்தை எதைக் கேட்டு ஆணைத் தெரிந்துகொள்கிறதோ, அதைக் கேட்டுத்தான் மனிதரும் இது வேறு இனம் என்று சந்தேகப்பட்டார்.

குரல் என்றவுடன் குயில் ஞாபகம் வரும். காகத்தின் கூட்டில் பொரித்து, காகம் ஊட்டி வளர்க்கிற குயில்குஞ்சு பெரிதானதும் "கா" என்று கத்துவதில்லை, காகத்தைத் தேடிப் போவதுமில்லை. தன் குலத்தின் அழைப்பு அதற்குள்ளே எழுதியிருக்கிறது. ஆனால் பிஞ்சுகள் என்ற சிறு குருவிகளில் ஆண்குஞ்சு தகப்பனைக் கேட்டுத்தான் பாடப் பழகும். இந்த வித்தியாசம் பின்னால் தேவைப்படும்.

காலமும் ஓர் அணை. ஒரே தோட்டத்தில் ஒரு செடி மாசியில் பூத்து இன்னொன்று ஆவணியில் பூத்தால், மகரந்தம் எப்படிப் பரிமாறும்? உடலமைப்பும் தடுக்கும். தமிழில் நமக்கு வலம்புரி, இடம்புரி என்று அழகான சொற்கள் இருக்கின்றன. யப்பானின் சில நிலநத்தைகளில் ஓடு ஒரு பக்கம் சுருண்டதும் மறுபக்கம் சுருண்டதும் இணைசேரப் போனால் உறுப்புகள் ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கமாகப் போய்விடும். சுருளும் திசையைத் தீர்மானிப்பது ஒரே ஒரு பரம்பரையலகு! கடலில் முட்டையையும் விந்தையும் தண்ணீரிலேயே விட்டுவிடுகிற கடல் அர்ச்சின் என்ற முள்ளுருண்டை உயிர்களில், முட்டையின் மேற்பரப்பும் விந்தின் புரதமும் பூட்டும் திறப்பும்போல் பொருந்தினால்தான் உள்ளே விடும்.

நுளம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். கொழும்புக்காரருக்கு அது வீட்டுப் பிரச்சினை. டெங்கு பரப்பும் ஈடிஸ் நுளம்புகள் நம் நகரத்தில் இரண்டு இனம்: ஈடிஸ் எஜிப்தி, ஈடிஸ் அல்போபிக்டஸ். இரண்டுக்கும் காலில் வெள்ளை வளையம், இரண்டும் பகலில் கடிக்கும். ஆண் நுளம்பு பெண்ணின் சிறகொலியைக் கேட்டுத்தான் தேடி வரும், ஆனாலும் சிலநேரம் ஆள்மாறிப் போகும். அல்போபிக்டஸ் ஆண் எஜிப்திப் பெண்ணோடு சேர்ந்தால் குஞ்சு ஒன்றும் வராது. அதோடு போகாமல், ஆணின் சுரப்பிலுள்ள பொருள் அந்தப் பெண்ணை இன்னொரு ஆணை ஏற்காமல் செய்துவிடக்கூடும். ஒரு தவறான சேர்க்கை, முழு வாழ்க்கையும் வீண். இப்படியான இடத்தில் ஆளைச் சரியாகப் பிரித்தறியும் பெண்களின் சந்ததிதான் பெருகும். தலைமுறை போகப்போகத் தெரிவு கூர்மையாகும். அணை தானாகவே உயர்வது இப்படியும் நடக்கும்.

அனோபிலிஸ் நுளம்பு இன்னும் வேடிக்கை. இலங்கையில் மலேரியாவைப் பரப்பிய கூலிசிபேசிஸ் என்ற நுளம்பு ஒரே இனம் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். உண்மையில் அது கண்ணால் பிரிக்கமுடியாத ஐந்து சகோதர இனங்களின் கூட்டம். ஏ, பி, சி, டி, ஈ என்று பெயர். இலங்கையில் இருப்பவை பி, ஈ. மலேரியாவைப் பரப்புவதில் முக்கிய பங்கு ஈ வகைக்கு. பூதக்கண்ணாடிக்கு ஒன்றாகத் தெரிந்த நுளம்புகளுக்குத் தாங்கள் வேறு வேறு என்று தெரிந்திருக்கிறது. இலங்கை மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழை 2016இல் உலக சுகாதார நிறுவனத்திடமிருந்து பெற்றது. அப்படிப்பட்ட வேலையில் எந்த நுளம்பைத் துரத்துகிறோம் என்று தெரிந்திருப்பது சின்ன விஷயம் இல்லை.

சரி, முதல் வேலியைத் தாண்டிச் சேர்ந்துவிட்டார்கள் என்று வையுங்கள். இரண்டாவது வகை அணை அதற்குப் பிறகு. மன்னார்ப் பக்கம் போனவர்கள் வீதியில் கழுதைகள் திரிவதைக் கண்டிருப்பீர்கள். கழுதைக்கு 62 நிறமூர்த்தங்கள் (பரம்பரையலகுகளைச் சுமக்கும் இழைகள்), குதிரைக்கு 64. ஆண் கழுதையும் பெண் குதிரையும் சேர்ந்தால் கோவேறு கழுதை பிறக்கும், அதற்கு 63. உழைப்பில் தாய் தகப்பனை மிஞ்சும், ஆனால் ஒற்றைப்படை எண்ணைச் சோடி சோடியாகப் பிரிக்க முடியாமல் விந்தும் முட்டையும் உருவாவது குழம்பும். கோவேறு கழுதைக்குக் குட்டி அநேகமாக இல்லை. குதிரைக் குளத்துத் தண்ணீர் கழுதைக் குளத்துக்கு ஒரு அடி வந்து, அங்கேயே வற்றிவிடுகிறது.

இதில் ஒரு விசித்திரமான விதி உண்டு. கலப்பில் ஒரு பால் மட்டும், அதாவது ஆணோ பெண்ணோ மட்டும், மலடாகவோ இறந்தோ போனால், அது பெரும்பாலும் பாலைத் தீர்மானிக்கும் நிறமூர்த்தங்கள் இரண்டும் வெவ்வேறாக உள்ள பாலாகத்தான் இருக்கும். பாலூட்டிகளில் ஆண், பறவைகளில் பெண். சிங்கமும் புலியும் கூண்டில் சேர்ந்து பிறக்கும் குட்டிகளில் ஆண் மலடு, பெண்ணுக்குச் சிலவேளை குட்டி உண்டு. 1922இல் இதைச் சொன்னவர் ஜே.பி.எஸ். ஹோல்டேன் என்ற உயிரியலாளர். பிற்காலத்தில் இங்கிலாந்தை விட்டு இந்தியாவுக்கு வந்து, புவனேஸ்வரத்தில் 1964இல் காலமானார்.

மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது என்று எந்தப் பாடப்புத்தகமும் அழுத்திச் சொல்வதில்லை. எனக்கு அதுதான் பிடித்தது. பூச்சியின் கலத்துக்குள் வாழும் வோல்பாக்கியா என்ற பற்றீரியா. அது உள்ள ஆண், அது இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரிக்காது. நேசோனியா என்ற சிறு குளவியில் இரண்டு இனங்கள் வேறு வேறு வோல்பாக்கியாவைச் சுமக்கின்றன. ஒன்றோடொன்று சேர்ந்தால் கலப்புப் பிள்ளை பெரும்பாலும் இல்லை. ஆய்வுகூடத்தில் அன்டிபயோட்டிக் கொடுத்துப் பற்றீரியாவைக் கொன்றார்கள். கலப்புக் குஞ்சுகள் பிறந்தன! அணையின் ஒரு பகுதி மருந்துக்குக் கரைந்துவிட்டது. டெங்குவைக் குறைப்பதற்காக நுகேகொடை உட்படக் கொழும்பின் சில இடங்களில் விடப்பட்ட நுளம்புகள் சுமந்ததும் இதே வோல்பாக்கியாவைத்தான்.

இனி, அணை எப்படி எழும்புகிறது என்ற கதை. அதிகம் நடப்பது இடத்தால் பிரிவது. கடல், ஆறு, மலை என்று ஏதாவது குறுக்கே வந்து ஒரு கூட்டத்தை இரண்டாக்கிவிடும். இதைப் பார்க்க தென்னமெரிக்காவுக்கு அப்பாலுள்ள கலாபகஸ் தீவுக்குப் போகத் தேவையில்லை. கொழும்பிலிருந்து பஸ் ஏறினால் போதும். மூக்கில் கொம்பு முளைத்த ஓணான் வகை ஒன்று இலங்கையில் மட்டும் இருக்கிறது. நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்து மத்திய மலைநாட்டில் இருப்பது ஓர் இனம், அதன் கொம்பு ஊசிபோல. கண்டிக்கு அப்பால் நக்கிள்ஸ் மலைத்தொடரில் இருப்பது வேறு, அதன் கொம்பு இலைபோலத் தட்டை. தெற்கே ரக்வானை மலையில் இன்னும் இரண்டு இனங்கள்; அவை 1998இல்தான் பெயர் பெற்றன. நக்கிள்ஸுக்கும் மத்திய மலைக்கும் நடுவே மகாவலி ஓடுகிற தாழ்ந்த பள்ளத்தாக்கு. குளிர்ந்த ஈரக்காட்டுக்குப் பழகிய ஓணானுக்கு அந்தச் சூடான பள்ளம் ஒரு கடல்.

இது தற்செயலா? கொம்பில்லாத இன்னொரு ஓணான் வகையிலும் பாருங்கள். மத்திய மலையில் ஓர் இனம் இருப்பது பழைய செய்தி. நக்கிள்ஸில் இருப்பது வேறு இனம் என்று 2006இல் பிரித்தார்கள். அதே பள்ளத்தாக்கு, வேறு ஓணான், அதே பிளவு. ஒரு கத்தி இரண்டு பழத்தை ஒரே இடத்தில் வெட்டியதுபோல.

பாக்கு நீரிணையின் கதை இதைவிட யோசிக்கவைக்கும். கடல்தான் இலங்கை உயிர்களை இந்திய உயிர்களிலிருந்து பிரித்தது என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அந்தக் கடல் ஆழமே இல்லாதது. ஏறத்தாழ 20,000 வருடங்களுக்கு முன் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது கடல்மட்டம் இன்றைக்கு விட 120 மீற்றர் அளவு தாழ்ந்திருந்தது. மன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கால் நனையாமல் நடந்திருக்கலாம். இப்படித் தரை திறந்ததும் மூடியதும் பலமுறை. யானை வந்தது, சிறுத்தை வந்தது. அப்படியானால் நம் மழைக்காட்டுத் தவளைகளும் மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளும் ஒன்றாகத்தானே இருக்கவேண்டும்? 2004இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு தவளை, நன்னீர் நண்டு, மீன், பாம்பு என்று பல கூட்டங்களின் டிஎன்ஏயை ஒப்பிட்டுப் பார்த்தது. இலங்கையின் ஈரவலய உயிர்களில் பெரும்பகுதி தமக்குத்தாமே நெருங்கிய சொந்தம்; தரைப்பாலம் இருந்த காலத்திலும் அக்கரையோடு பெரிதாகக் கலக்கவில்லை.

காரணம், பாலம் இருந்தது எந்த இடத்தில் என்பது. மன்னாரிலும் இராமநாதபுரத்திலும் இருப்பது வறண்ட தாழ்நிலம். தோல் காய்ந்தால் செத்துப்போகிற சிங்கராஜத் தவளைக்கு அதைக் கடப்பது நாம் பாலைவனத்தைச் செருப்பில்லாமல் கடப்பதுபோல. இலங்கையின் புதர்த்தவளைகளில் எழுபதுக்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கு வால்பேத்தைப் பருவம் கிடையாது. ஈரமான மண்ணிலோ இலையிலோ இட்ட முட்டைக்குள்ளிருந்து நேரே குட்டித் தவளை வரும். குளம் தேவையில்லை, ஆனால் ஈரம் கட்டாயம். ஆகவே ஒவ்வொரு மலையும் ஒரு தீவு. அவற்றில் பல இனங்கள் இன்று காட்டில் இல்லை, பழைய சேகரிப்புகளின் போத்தல்களில் மட்டும் இருக்கின்றன.

சரி, பிரிந்து வாழ்ந்தார்கள். பிறகு அணை உடைந்து மறுபடி சந்தித்தால் ஏன் கலக்கமுடியாமல் போகிறது? மாமி இந்த இடத்தில் சரியாகப் பிடித்தார்: "ரெண்டு பக்கமும் நல்லாத்தானே இருந்தவை. சேர்ந்தா ஏன் பழுதாப் போகுது?" டார்வினுக்கே இது தலைவலி. மலட்டுத்தன்மை யாருக்கும் நன்மை தராது, பிறகு இயற்கைத் தேர்வு அதை எப்படி உண்டாக்கும்? விடையை 1930களில் தியடோசியஸ் டொப்சான்ஸ்கி என்ற பரம்பரையியலாளர் தெளிவாக்கினார். நான் மாமிக்குக் குழம்பு வைத்துக் காட்டினேன்.

ஒரு தாய் மீன்குழம்பு வைப்பார். உப்பில்லாத கறித்தூள், பச்சை மீன், உப்புத் தனியாக. இரண்டு மகள்மாரும் கலியாணம் கட்டி வேறு வேறு ஊருக்குப் போகிறார்கள். மூத்தவள் தூள் இடிக்கும்போதே உப்பையும் சேர்த்து இடித்துவிடுகிறாள். சட்டியில் தனியாகப் போடுவதில்லை. குழம்பு நன்றாக இருக்கிறது. இளையவள் ஊரில் பச்சை மீன் குறைவு; கருவாட்டுக்கு மாறுகிறாள். கருவாட்டிலேயே உப்பு இருக்கிறது, அவளும் தனியாகப் போடுவதில்லை. அவள் குழம்பும் நன்றாக இருக்கிறது. பேத்திகள் காலத்தில் ஒருநாள் மூத்த வீட்டுத் தூளையும் இளைய வீட்டுக் கருவாட்டையும் சேர்த்து ஒரு குழம்பு வைக்கிறார்கள். வாயில் வைக்கமுடியாத உப்பு. பிழை யாருடையது? ஒருவருடையதும் இல்லை. எந்தத் தலைமுறையும் கெட்ட குழம்பு சாப்பிடவில்லை. தூளும் கருவாடும் ஒரே சட்டியில் முன்பு ஒருபோதும் சந்திக்கவில்லை, அவ்வளவுதான். தூளின் இடத்தில் ஒரு பரம்பரையலகு, மீனின் இடத்தில் இன்னொன்று என்று வைத்தால் கலப்புக் குஞ்சு ஏன் நோஞ்சானாகவோ மலடாகவோ போகிறது என்பது விளங்கும். பிரிந்திருக்கும் காலம் கூடக்கூட இப்படிச் சந்திக்காத சோடிகள் பெருகிக்கொண்டே போகும்.

மாமி சொன்னார், அப்படியென்றால் தேங்காய்ப்பால் விட்டால் சரிவரும் என்று. அதற்கு நான் தயாராக இருக்கவில்லை.

இடம் பிரியாமலும் புது இனம் வரலாம், ஆனால் அரிது, விஞ்ஞானிகள் இதில் நிறையச் சண்டை பிடித்திருக்கிறார்கள். வட அமெரிக்காவில் ஹோதோர்ன் என்ற முட்செடியின் பழத்தில் முட்டையிட்டு வாழ்ந்த ஒரு ஈ, குடியேறிகள் கொண்டுவந்த அப்பிள் மரத்துக்கு 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தாவியது. அந்த ஈ பழத்தின் மேல்தான் இணைசேரும். அப்பிள் முந்திப் பழுக்கும். ஆகவே அப்பிளில் வளர்ந்த ஈ அப்பிள் ஈயையே சந்திக்கிறது. இன்னும் இரண்டு இனமாகிவிடவில்லை, ஆனால் பரம்பரையலகுகள் விலகத் தொடங்கிவிட்டன.

செடிகளுக்குக் குறுக்குவழி உண்டு. நாம் காலையில் பருப்போடு சாப்பிடுகிற பாண் அதன் சாட்சி. 28 நிறமூர்த்தம் கொண்ட ஒரு பயிர்க்கோதுமையும் 14 கொண்ட ஒரு காட்டுப்புல்லும் கலந்தன. கோவேறு கழுதைபோல அந்தக் கலப்பும் சோடி சேராமல் மலடாகியிருக்கவேண்டும். ஆனால் நிறமூர்த்தத் தொகுதி முழுவதும் இரட்டிப்பாகி 42 ஆனது. இப்போது ஒவ்வொன்றுக்கும் சோடி உண்டு, விதை பிடித்தது. தாயோடும் தகப்பனோடும் திரும்பக் கலந்தால் கணக்கு உதைக்கும். பல்லாயிரம் வருடம் காத்திருக்காமல் ஒன்றிரண்டு தலைமுறையில் ஒரு புது இனம். சில ஆயிரம் வருடங்களுக்கு முன் மேற்காசியாவின் வயல் ஓரங்களில் நடந்தது இது. நம் காலத்திலும் நடந்திருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன ட்ரகோபோகன் என்ற பூஞ்செடி வகைகள் அங்கே கலந்து, இரட்டித்து, இரண்டு புது இனங்களைத் தந்தன. 1950இல் அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள்.

விலங்குகளில் கண்முன்னே நடந்த ஒன்றையும் சொல்லவேண்டும். கலாபகஸின் டாப்னி மேஜர் என்ற குட்டித்தீவில் பீற்றர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியர் 1973 முதல் ஒவ்வொரு பிஞ்சுக்கும் காலில் வளையம் போட்டுக் கணக்கு வைத்தவர்கள். 1981இல் நூறு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள எஸ்பனோலா தீவிலிருந்து பெரிய தலையோடு ஓர் ஆண் பறவை வந்து சேர்ந்தது. உள்ளூர்ப் பெண்ணோடு சேர்ந்து குஞ்சு பொரித்தது. முன்பு சொன்னேன், பிஞ்சுக் குஞ்சு தகப்பனைக் கேட்டுத்தான் பாடப் பழகும் என்று. அந்நியத் தகப்பனின் பாட்டைப் பாடிய மகன்மாரை உள்ளூர்ப் பெண்கள் ஏற்கவில்லை. சொண்டின் அளவும் பொருந்தவில்லை. ஆகவே அந்தக் குடும்பம் தமக்குள்ளேயே கலியாணம் கட்டத் தொடங்கியது. இரண்டு மூன்று தலைமுறைக்குள் ஒரு தனிக்கிளை. 2017இல் அவர்களின் டிஎன்ஏ ஆய்வு வெளியானபோது உலகச் செய்தியானது. அதை இனம் என்று அழைக்கலாமா என்று கேட்டால், நான் இன்னும் கொஞ்சம் பொறுப்பேன். ஆனால் அணை எவ்வளவு வேகமாக எழும்பமுடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இந்த வரைவிலக்கணம் எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்பதையும் மறைக்கக்கூடாது. பற்றீரியா இணைசேர்வதில்லை, அதற்கு இந்த அளவுகோல் உதவாது. கல்லாகிப்போன எலும்புகள் யாரோடு சேர்ந்தன என்று யார் கண்டது? அழிந்துபோன நியண்டர்தால் மனிதர் வேறு இனம் என்று எழுதுகிறோம், ஆனால் நம் உடம்பில் நூற்றுக்கு ஒன்று இரண்டு பங்கு அவர்களின் பரம்பரையலகு ஓடுகிறது. காகங்களுக்கும் இதைச் சொல்லவேண்டும். அத்திபூத்தாற்போல் எங்காவது ஒரு சோடி மாறிச் சேர்ந்தாலும் சேரலாம். இரண்டு குளமும் கலந்து ஒன்றாகிப்போகவில்லை என்பதுதான் கணக்கு.

கடைசியாக மாமியே ஒரு உதாரணத்தைக் கொண்டுவந்தார், தனக்குத் தெரியாமல். தெஹிவளையில் மருமகள் வீட்டு வளவில் தென்னைமரத்தில் மரங்கொத்தி ஒன்றைக் கண்டாராம். முதுகு இரத்தச் சிவப்பு. "எங்கட ஊரில மரங்கொத்தி பொன் மஞ்சள் எல்லோ. கொழும்புக்கு வந்து சாயம் பூசினதோ?"

பூசவில்லை. யாழ்ப்பாணத் தென்னைகளில் தட்டுவது பொன்முதுகு மரங்கொத்தி. அக்கரையில் இந்தியாவில் இருக்கும் இனத்தின் வடபுலத்துக் கிளை. கொழும்பு உட்படத் தீவின் பெரும்பகுதியில் இருப்பது செம்முதுகு, இலங்கைக்கே உரியது. நெடுங்காலமாக இரண்டையும் ஒரே இனத்தின் இரண்டு நிறம் என்றே எழுதிவந்தார்கள். கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து நிறம், உடல் அளவு, டிஎன்ஏ எல்லாவற்றையும் ஒப்பிட்டு, செம்முதுகைத் தனி இனமாகக் கொள்வதற்கு ஆதாரம் இருக்கிறது என்று 2016இல் எழுதினார்கள்.

ஆனால் இரண்டுக்கும் நடுவே கடலும் இல்லை, மலையும் இல்லை. வடக்கும் வடமத்தியும் சேருகிற வறண்ட பகுதியில் இரண்டும் சந்திக்கின்றன, சேருகின்றன, குஞ்சும் பொரிக்கின்றன. அந்தக் குஞ்சுகளின் முதுகு செம்மஞ்சள். இப்படியான இடத்துக்குக் கலப்பு வலயம் என்று பெயர். கலப்புக் குஞ்சுகள் தாய் தகப்பனைப்போல நன்றாக வாழ்ந்து பெருகினால் செம்மஞ்சள் வருடா வருடம் இரண்டு பக்கமும் பரவி, ஒருகாலத்தில் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் ஒரே நிறம் வரலாம். அவை கொஞ்சம் பின்தங்கினால் வலயம் ஒடுங்கிய பட்டையாகவே நிற்கும். வெளியிலிருந்து வருகிற பொன்னும் சிவப்பும் அதை நிரப்பிக்கொண்டிருக்கும், அது வெளியே பரவாது. இப்போதைக்கு இரண்டு முனையிலும் நிறம் கலங்காமல் இருக்கிறது.

"அப்ப நடுவில நிக்கிறது எந்த இனம்?" என்று மாமி கேட்டார். அதற்கு இனப்பெயர் கிடையாது, கலப்பு என்றுதான் எழுதுவார்கள் என்றேன். அவருக்குத் திருப்தியில்லை. வருகிற நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்தேவியில் போகும்போது அநுராதபுரம் தாண்டியதிலிருந்து யன்னல்பக்கம் இருந்து பார்க்கப்போகிறாராம். ஓடும் ரயிலிலிருந்து மரங்கொத்தியின் முதுகைப் பார்ப்பது கஷ்டம் என்று சொன்னேன். குரல் கேட்கும்தானே என்றார். குரலில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது, முதுகைத்தான் பார்க்கவேண்டும்.